போனுக்கு எந்த பிரவுசர்? வேகம், அந்தரங்கம், சார்ஜ் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க

ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தை போனில் திறந்து பாருங்கள். தலைப்பு வருகிறது, படம் வருகிறது. முதல் பத்தியில் கண்ணை வைத்ததும் எழுத்து அப்படியே கீழே நழுவுகிறது; நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'மேலும் படிக்க' என்பதைத் தொடப் போன விரல் அந்த விளம்பரத்தின் மேல் விழ, வேறேதோ பக்கம் திறக்கிறது. கீழ் மூலையில் யாரும் கேட்காத வீடியோ ஒன்று தானாக ஓடுகிறது. இதற்குள் போனின் முதுகு சூடேறிவிட்டது.

நீங்கள் கேட்டது நாலு பத்திச் செய்தி. போன் இறக்கியதோ அதைப்போலப் பல மடங்கு: விளம்பரப் படங்கள், அந்த இடத்தை நொடிக்குள் ஏலம் விடும் நிரல்கள், எந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளும் டிராக்கர்கள். பக்கம் தாமதமானதற்கும், உங்களைப் பற்றிய தகவல் வெளியே போனதற்கும், சார்ஜ் இறங்கியதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த ஒரே சுமைதான். ஆகவே வேகத்துக்கு ஒன்று, அந்தரங்கத்துக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று தேடி அலைய வேண்டாம். வேண்டாத சுமையை எந்த பிரவுசர் வாசலிலேயே நிறுத்துகிறது என்று பார்த்தால் போதும், மூன்றில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

பெயர் பல, எஞ்சின் மூன்று

பிளே ஸ்டோரில் பிரவுசர் என்று தேடினால் பட்டியல் முடிவில்லாமல் ஓடும். ஆனால் பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் என்று பார்த்தால் மூன்றே மூன்றுதான் முக்கியம். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் கூகுள் முன்னின்று வளர்க்கும் பிளிங்க் எஞ்சினில் ஓடுபவை. பயர்பாக்ஸ் மொசில்லாவின் கெக்கோவில் ஓடுகிறது. சபாரி ஆப்பிளின் வெப்கிட்டில். பிளிங்க்கூட 2013இல் வெப்கிட்டிலிருந்து கிளை பிரிந்ததுதான்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது: குரோமுக்கும் பிரேவுக்கும் வெறும் பக்கத்தை வரையும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை, இரண்டும் ஒரே எஞ்சின். பிரேவில் செய்தித் தளம் சட்டென்று திறந்தால், அது வேகமாக ஓடியதால் அல்ல, குறைவாகச் சுமந்ததால். 'பத்து மடங்கு வேகம்', 'டர்போ' என்று பெயரிலேயே சத்தியம் செய்யும் முகம் தெரியாத ஆப்களை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். அவையும் பெரும்பாலும் போனில் ஏற்கெனவே இருக்கும் எஞ்சினுக்குப் புதுச் சட்டை மாட்டியவைதான். கூடவே தங்கள் விளம்பரத்தையும் கொண்டுவரும்.

ஐபோனில் கதை இன்னும் சுருக்கம். எல்லா பிரவுசரும் வெப்கிட்டிலேயே ஓட வேண்டும் என்ற விதியிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் ஆப்பிள் விலக்கு கொடுத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். அங்கே குரோமும் சபாரிதான், பயர்பாக்ஸும் சபாரிதான். மேல்பூச்சு மட்டும் வேறு.

முதலில் போனைப் பாருங்கள்

பிரவுசரை இறக்குவதற்கு முன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ராய்டு எண், ரேம் அளவு.

ஆண்ட்ராய்டு 8 அல்லது 9 என்றால் கவனம் தேவை. குரோமின் 138ஆம் பதிப்புதான் அந்த போன்களுக்குக் கடைசி. 2025 ஆகஸ்டில் வந்த 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். பழைய குரோம் திறக்கும், ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைபடாது. அந்த போன்களில் பயர்பாக்ஸ் போடுவது நல்லது. அது ஆண்ட்ராய்டு 8 வரைக்கும் இடம் கொடுக்கிறது.

ரேம் 3 ஜிபி அல்லது அதற்குக் கீழ் என்றால் எந்த பிரவுசரும் அற்புதம் செய்யாது. ஒரு டேபை விட்டு வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். பாதி நிரப்பிய விண்ணப்பம் காலியாகும். இது பிரவுசரின் கோளாறு இல்லை. இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அதை நினைவகத்திலிருந்து தள்ளிவிட்டது. இப்படிப்பட்ட போனில் நாலைந்து டேபுக்கு மேல் வைக்காதீர்கள். நீண்ட விண்ணப்பம் நிரப்பும்போது ஓடிபி எஸ்எம்எஸ்ஸை மேலிருந்து நோட்டிபிகேஷனை இழுத்துப் பாருங்கள், ஆப் மாறாதீர்கள்.

யாருக்கு எது

ஆண்ட்ராய்டு 10க்கு மேல், ரேம் 4 ஜிபிக்கு மேல், எந்த செட்டிங்ஸையும் நோண்ட விருப்பமில்லை என்பவருக்கு பிரேவ். விளம்பரத் தடுப்பும் டிராக்கர் தடுப்பும் நிறுவியதுமே வேலை செய்யும். ஒரு குறை, கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ், ஏஐ உதவியாளர் என்று கூடவே வரும் கடைச்சரக்கு. எதையும் தொடாமல் விட்டால் தொந்தரவில்லை. புது டேப் பக்கத்தில் வரும் ஸ்பான்சர் படத்தை மட்டும் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். அந்தரங்கத்தைச் சொல்லி விற்கும் கம்பெனிகளையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2020இல், சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டச்சினால் பிரேவ் தன் கமிஷன் குறியீட்டை அதில் சேர்த்தது அம்பலமாகி, அதன் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். டக்டக்கோ பிரவுசரும் 2022இல் மைக்ரோசாப்ட் டிராக்கர்கள் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தது வெளியே வந்து, பிறகு திருத்திக்கொண்டது.

தடுப்பு முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு பயர்பாக்ஸும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்). ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. பயர்பாக்ஸில் 2023 டிசம்பரில் கதவை அகலத் திறந்துவிட்டார்கள். வெறும் பயர்பாக்ஸ் விலை குறைந்த போன்களில் குரோமைவிடக் கொஞ்சம் இழுக்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் யூபிளாக் ஏறியதும் விளம்பரம் மண்டிய பக்கங்களில் கணக்கு தலைகீழாகும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்காக கூகுள் தரும் பணம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்சங் போன் என்றால் கூடவே வரும் சாம்சங் இன்டர்நெட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். அதன் மெனுவில் 'ஆட் பிளாக்கர்ஸ்' என்று இருக்கும். அங்கே காட்டும் ஒன்றை இறக்கி இயக்கினால் அன்றாட வேலைக்கு வேறொன்று தேவைப்படாது.

ஐபோனில் சபாரியிலேயே இருங்கள். எஞ்சின் எப்படியும் அதுதான். போனோடு ஒட்டி உறவாடுவதும் அதுதான். ஆப் ஸ்டோரில் யூபிளாக் ஆரிஜின் லைட் 2025இல் வந்துவிட்டது. இறக்கி, செட்டிங்ஸில் ஆப்ஸ், சபாரி, எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் இயக்குங்கள். பலரும் இறக்குவதோடு நிறுத்திவிட்டு 'விளம்பரம் வருகிறதே' என்பார்கள். அந்த ஸ்விட்சைத் தள்ளினால்தான் வேலை ஆரம்பிக்கும்.

டேட்டா மிகக் குறைவு, சிக்னலும் மோசம் என்ற இடத்தில் ஓபரா மினிக்கு இன்றும் ஒரு பயன் உண்டு. பக்கத்தைத் தன் சர்வரில் இறக்கிச் சுருக்கித்தான் உங்களுக்கு அனுப்புகிறது. அதற்கு விலையும் உண்டு: எக்ஸ்ட்ரீம் மோடில் பக்கம் திறக்கப்படுவது உங்கள் போனில் இல்லை, அவர்கள் சர்வரில். பேருந்து நேரம், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம். பேங்க் பாஸ்வேர்டு அதில் கூடாது.

இந்தியாவில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த யூசி பிரவுசரைப் பழைய போனிலிருந்து ஏபிகேயாக (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு) எடுத்து யாராவது அனுப்பினால் போடாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. கிவி பிரவுசரும் வேண்டாம், ஆனால் காரணம் வேறு. எக்ஸ்டென்ஷன் போடலாம் என்பதற்காகப் பலர் வைத்திருந்தார்கள், 2025 ஜனவரியோடு அதை வளர்ப்பது நின்றது. அப்டேட் வராத பிரவுசர் எவ்வளவு பிடித்திருந்தாலும் கழற்ற வேண்டியதுதான். பிளே ஸ்டோரில் எந்த பிரவுசரின் பக்கத்திலும் 'அபவுட் திஸ் ஆப்' தொட்டுக் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம்.

ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, எல்லா வேலைக்கும் ஒரே பிரவுசரைத் தேடுவது. படிக்க, தேட, வீடியோ பார்க்க ஒன்று. அதில் தடுப்பு முழு அளவில். பணம் கட்ட, ரயில் டிக்கெட் எடுக்க, மின்கட்டணம், வருமான வரி போன்ற அரசுத் தளங்களுக்கு இன்னொன்று. அதில் தடுப்பு எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் இந்த இரண்டாவதற்கு குரோமே போதும். எப்படியும் போனில் இருக்கிறது, இந்தத் தளங்களைக் கட்டுபவர்கள் சோதித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் குரோமில்தான்.

இதில் இரட்டை லாபம். பேங்க் தளத்தின் குக்கீயும் (உங்களை அடையாளம் காணத் தளம் போனில் வைக்கும் சிறு குறிப்பு) பொழுதுபோக்குத் தளத்தின் குக்கீயும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. பணம் கட்டும் பக்கமும் நடுவழியில் நிற்பதில்லை. பேங்க் முகவரியைத் தேடிப் போகாமல், கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ இருப்பதை ஒருமுறை தட்டச்சி புக்மார்க் செய்துவிடுங்கள். தேடல் முடிவின் மேல்வரிசையில் விளம்பரமாக வரும் போலிப் பக்கத்தில் விழுவதுதான் இதில் நடக்கும் பெரிய மோசடி.

பிரேவை அமைப்பது

பிளே ஸ்டோரில் இறக்கும்போது கீழே தயாரிப்பாளர் பெயர் பிரேவ் சாப்ட்வேர் என்று இருக்கிறதா பாருங்கள். திறந்ததும் வரும் கேள்விகளில் 'டீபால்ட் பிரவுசர்' என்பதற்கு ஆம். தயாரிப்பைச் செம்மைப்படுத்தத் தகவல் அனுப்பட்டுமா என்பதற்கு வேண்டாம்.

பிறகு மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரேவ் ஷீல்ட்ஸ் அண்ட் பிரைவசி'. 'பிளாக் டிராக்கர்ஸ் அண்ட் ஆட்ஸ்' என்பது ஸ்டாண்டர்ட் நிலையில் இருக்கும். முதல் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். எந்தத் தளமும் உடையவில்லை என்றால் அக்ரஸிவுக்கு மாற்றலாம். அதில் தளமே தன் பக்கத்தில் நேரடியாக வைக்கும் விளம்பரங்களும் அடிபடும், சில தளங்கள் கோணலாகவும் தெரியும்.

இப்போது முதலில் சொன்ன அதே செய்திப் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் உள்ள சிங்க முகத்தைத் தொடுங்கள். எத்தனை தடுக்கப்பட்டன என்று ஒரு எண் வரும். பக்கத்தைக் கீழே உருட்ட உருட்ட அந்த எண் ஏறிக்கொண்டே போகும். கட்டுரை முழுக்க வந்து முடிந்த பிறகும் நிற்காது. விளம்பர நிரல் சில நொடிக்கு ஒருமுறை மறுபடி முயன்றுகொண்டே இருக்கிறது. தடுக்காத பிரவுசரில் அந்த ஒவ்வொரு முயற்சியும் உண்மையிலேயே டேட்டாவை இறக்கியிருக்கும்.

பயர்பாக்ஸ் என்றால்

மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், பட்டியலில் யூபிளாக் ஆரிஜின், கூட்டல் குறி. பெயரைச் சரியாகப் பாருங்கள்; 'ஆரிஜின்' இல்லாத வெறும் யூபிளாக் வேறு ஆள். அதன் உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். எதைத் தடுப்பது என்று சொல்லும் பில்டர் பட்டியல்கள் பலவற்றை ஒரே மூச்சில் டிக் செய்தால் பக்கங்கள் உடையும், சின்ன போனில் ரேமும் போகும். செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ்ட் டிராக்கிங் புரொடெக்ஷன்' பகுதியை ஸ்ட்ரிக்ட் ஆக்கலாம். 'சைட் செட்டிங்ஸ்' உள்ளே 'ஆட்டோபிளே' என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒலியையும் வீடியோவையும் சேர்த்துத் தடுக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா பேக்கைப் பொறுத்தவரை இது ஒன்றே பாதி வேலை.

முகவரிப் பட்டையில் தாள் போன்ற சின்னம் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். அதுதான் ரீடர் வியூ: படமும் எழுத்தும் மட்டும் மிஞ்சும், எழுத்தைப் பெரிதாக்கலாம். வயதானவர்கள் போனில் செய்தி படிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

குரோமிலேயே இருப்பேன் என்றால்

இருக்கலாம், ஆனால் மூன்று இடத்தைத் தொட்டுவிடுங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே 'பிரீலோட் பேஜஸ்' அணைந்திருக்கட்டும்; நீங்கள் தொடக்கூடும் என்று யூகித்து, தொடாத பக்கங்களையும் முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதி அது. டேட்டாவும் சார்ஜும் தாராளமாக உள்ளவருக்குத்தான் அது வேகம். அடுத்து அதே பகுதியில் மூன்றாம் தரப்பு குக்கீயை, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறொருவர் வைப்பதை, தடுங்கள். குரோமிலிருந்து இவ்வகைக் குக்கீயை ஒழிக்கப் போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்த கூகுள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது, ஆகவே நீங்களாகச் செய்தால்தான் உண்டு. சபாரி 2020 முதலே தானாகத் தடுக்கிறது. மூன்றாவது, உங்கள் கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' போய் 3 மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படி வையுங்கள். இது பிரவுசர் சார்ந்தது இல்லை; பிரேவில் உட்கார்ந்து கூகுள் கணக்கோடு தேடினாலும் பதிவு அங்கேதான் போகும்.

நோட்டிபிகேஷன் என்ற தொல்லை

'போனில் வைரஸ் வந்துவிட்டது, நாள் முழுக்க விளம்பரம் வருகிறது' என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுபோகும் போன்களில் வைரஸே இல்லாதவை நிறைய. எங்கோ ஒரு தளம் 'வீடியோ பார்க்க அலோவைத் தொடுங்கள்' என்றோ 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்றோ கேட்டது, தொட்டாயிற்று. அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு நள்ளிரவிலும் உங்கள் திரையை எழுப்பும் உரிமை வந்துவிட்டது. ஒவ்வொரு முறை எழும்போதும் திரை எரிகிறது, நெட் எழுகிறது, சார்ஜ் போகிறது.

தீர்வு சின்னது. வந்த நோட்டிபிகேஷனில் எந்த ஆப்பின் பெயரும் தளத்தின் பெயரும் இருக்கிறது என்று பாருங்கள். அந்த பிரவுசரின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் பிளாக் செய்து, மேலே உள்ள பொது ஸ்விட்சையும் அணையுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கேட்காது. போனை பார்மட் செய்ய வேண்டியதில்லை.

லிங்க் உண்மையில் எங்கே திறக்கிறது

இத்தனையும் செய்துவிட்டு பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு லிங்கைத் தொட்டால், அது நீங்கள் அமைத்த பிரவுசரில் திறப்பதில்லை. அந்த ஆப்பின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கிறது. உங்கள் தடுப்பு எதுவும் அங்கே செல்லாது. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வெளி பிரவுசரில் திறக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, டீபால்ட் பிரவுசருக்கே அனுப்பிவிடும். கூகுள் ஆப்பின் செட்டிங்ஸிலும் 'ஓபன் வெப் பேஜஸ் இன் தி ஆப்' என்ற வரியை அணைத்துவிடுங்கள்.

டீபால்ட் ஆக்கும் இடம்: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். சில கம்பெனி போன்களில் 'மேனேஜ் ஆப்ஸ்' உள்ளே மேல் மூலை மூன்று புள்ளியில் ஒளிந்திருக்கும். ஐஓஎஸ் 18இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீபால்ட் ஆப்ஸ்.

ஆப்பும் பிரவுசரும் தனித்தனிச் சுவர் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2025 ஜூனில் ஒரு அதிர்ச்சி. ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள்: ஆண்ட்ராய்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் பின்னணியில் காத்திருக்க, வேறு தளங்களில் பதிந்திருந்த, அந்த ஆப்களின் உரிமையாளரான மெட்டாவின் டிராக்கர் போனுக்குள்ளேயே ஒரு குறுக்கு வழியில் அந்த ஆப்களோடு பேசியது. குக்கீயை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் போனாலும் யார் என்று தெரிந்துவிடும். ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இதே உத்தியை 2017 முதல் செய்துவந்தது. விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுத்தியது. பிரேவில் இந்தக் குறுக்கு வழி 2022 முதலே அடைபட்டிருந்தது.

இன்காக்னிட்டோ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது மறைப்பது அதே போனை அடுத்து எடுப்பவரிடமிருந்துதான். தளத்துக்கும், நெட் தரும் கம்பெனிக்கும், ஆபீஸ் வைஃபைக்கும் நீங்கள் தெரிவீர்கள். 2020இல் அமெரிக்காவில் இதற்காகத் தொடுத்த வழக்கில், இன்காக்னிட்டோவில் சேர்த்த தகவலை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

பக்கம் உடைந்தால்

தடுப்பு போட்ட பிரவுசரில் ஏதாவது ஒருநாள் உடையும். பட்டன் தொட்டால் அசையாது, கேப்ச்சா வராது, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். முழுத் தடுப்பையும் அணைக்காதீர்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் அணையுங்கள். பிரேவில் சிங்க முகத்தைத் தொட்டு ஷீல்டை இறக்கினால் போதும். பயர்பாக்ஸில் முதலில் முகவரிப் பட்டையின் கேடயச் சின்னம், அதிலும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் மெனுவில் யூபிளாக்கின் பெரிய பவர் பட்டன்.

பணம் கட்டும்போது நின்றால் மட்டும் வேறு விதி. கடையின் தளத்திலிருந்து பேங்கின் ஓடிபி பக்கத்துக்குத் தாவும் இடம் அது. தடுப்பு அந்தத் தாவலை டிராக்கர் என்று தவறாக எண்ணியிருக்கலாம். பின்னால் போகும் பட்டனைத் தொடாதீர்கள், ரீலோடும் செய்யாதீர்கள். எஸ்எம்எஸ் பாருங்கள், கணக்கில் பணம் கழிந்ததா என்று தெரிந்த பிறகே இரண்டாவது பிரவுசரில் மறுபடி தொடங்குங்கள். பணத்தை இரண்டு முறை கட்டிவிட்டு ரீபண்டுக்குக் காத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்.

இன்னொரு விபத்து இதைவிட மோசம். பிரவுசர் மெதுவாகிவிட்டது என்று ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆப்பின் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போவார்கள். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன். 'கிளியர் கேஷ்' தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், பயமில்லை. 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா' என்பது டேப், புக்மார்க், லாகின் எல்லாவற்றையும் வழித்தெடுக்கும். சிங்க் (கணக்கோடு இணைத்து நகல் வைப்பது) போடாத பிரவுசரில் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

பாஸ்வேர்டு குரோமில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்பதற்காக மாறாமல் இருக்க வேண்டாம். போன் செட்டிங்ஸில் 'ஆட்டோஃபில்' என்று தேடி கூகுளைத் தேர்ந்தெடுத்தால், பயர்பாக்ஸிலும் அதே பாஸ்வேர்டுகள் வந்து நிற்கும். பாஸ்வேர்டுகளைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்வதைத் தவிருங்கள். பூட்டில்லாத வெறும் எழுத்தாக டவுன்லோட்ஸில் கிடக்கும் அது.

சார்ஜ் கணக்கு

பிரவுசர் சாப்பிடும் சார்ஜில் பெரும்பங்கு திரைக்குப் போகிறது. அடுத்தது நெட். டேட்டா வந்து முடிந்ததும் போனின் ரேடியோ உடனே தூங்காது, அடுத்தது வருமோ என்று சில நொடி விழித்திருக்கும். அந்த நொடிகளுக்குள் விளம்பரம் மறுபடி எதையாவது கேட்டால் தூக்கமே இல்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் இது இன்னும் கூடும்.

டார்க் மோடு போட்டால் பாதி சார்ஜ் மிச்சம் என்பார்கள். எல்சிடி திரையில் பயனே இல்லை. கறுப்பைக் காட்டினாலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்ஈடி, அமோலெட் திரையில் பலன் உண்டு. அதுவும் வெளிச்ச அளவைப் பொறுத்தது: அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் மிச்சமானது, வீட்டுக்குள் வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். வெயிலில் நின்று பார்ப்பவருக்கு டார்க் மோடு. மற்றவர் கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

ஆப்பின் பேட்டரி அனுமதியை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கச் சொல்லும் ஆலோசனையும் உண்டு. பிரவுசருக்கு அது பொருந்தாது. திரையை அணைத்ததும் டவுன்லோட் பாதியில் நிற்கும், 200 எம்பி பாடநூலை மூன்று முறை முதலிலிருந்து இறக்குவீர்கள். 'ஆப்டிமைஸ்டு' நிலையே சரி. திறந்து கிடக்கும் டேப்கள் நூறைத் தொட்டால் ஆண்ட்ராய்டு குரோம் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு சிரிப்புக் குறியைக் காட்டும். பின்னால் கிடக்கும் டேபை போன் பெரும்பாலும் உறையவைத்துவிடுவதால் அவற்றால் சார்ஜ் அவ்வளவாகப் போகாது. ஆடியோ ஓடும் ஒரே ஒரு டேபைத்தான் தேடி மூட வேண்டும்.

உங்கள் போனில் எது சிக்கனம் என்பதை நீங்களே அளக்கலாம். 100 சதவீதத்தில் தொடங்காதீர்கள். பல போன்கள் 100இலேயே வெகுநேரம் நின்று ஏமாற்றும். 80 வரை ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியில் பூட்டி, தானாக மாறும் வெளிச்சத்தை அணையுங்கள். ஒரே வைஃபையில், வழக்கமாகப் பார்க்கும் அதே நாலு தளங்களை முதல் பிரவுசரில் 45 நிமிடம் பாருங்கள், எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறியுங்கள். மறுபடி 80க்கு ஏற்றி, போன் ஆறிய பிறகு இரண்டாவதில் அதையே செய்யுங்கள். 1 சதவீத வித்தியாசம் வித்தியாசமே இல்லை, அளவுகோலின் பிசிறு. 3, 4 என்று வந்தால், அதுவும் இரண்டு நாள் அப்படியே வந்தால், அந்த பிரவுசரை டீபால்ட் ஆக்குங்கள். வேகத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் வேண்டாம்; பக்கம் திறந்து, எழுத்து நழுவாமல் நின்று, முதல் பத்தியைத் தடையின்றிப் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.